உசித இன்டர்நெட்

விஜயநகரில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் அது இன்டர்நெட் கடையாக மாறியது. வாசலில் கன்னடத்தில் ஒரு பலகை மாட்டினார்கள்: காலையில் ஒரு மணி நேரம் ‘உசித இன்டர்நெட்’. கன்னடத்தில் உசிதம் என்றால் இலவசம். தமிழில் உசிதம் என்றால் தகுந்தது, முறையானது. எனக்கு இரண்டு மொழியும் ஒரே வாயில் வருவதால் அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேலி தோன்றும். காலையில் மட்டும் முறையான இன்டர்நெட், மற்ற நேரமெல்லாம் முறைகெட்ட இன்டர்நெட் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அந்தக் கேலி சீக்கிரமே நின்றுபோனது. இலவசமாகக் கிடைத்த அந்த ஒரு மணி நேரத்துக்கு நாங்கள் பெரிய விலை கொடுத்தோம்.

வீட்டில் அம்மாவும் நானும்தான். அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அம்மாவுக்கு ஒரு நர்சிங் ஹோமில் சமையல்கட்டு வேலை. நான் பக்கத்து ஆரம்பப் பள்ளியில் டீச்சர். அண்ணன் சரக்குக் கப்பலில், எஞ்சின் அறையில் ஃபிட்டர். ஊரில் இருக்கும் குக்கரஹள்ளி ஏரியைத் தவிரப் பெரிய தண்ணீர் எதையும் பார்க்காமல் வளர்ந்தவன் எப்படிக் கடலுக்குப் போனான் என்று கேட்டால், ஐ.டி.ஐ. முடித்த பையன்களுக்கு ஊரில் வேலை கிடைக்காத வருஷங்கள் அவை என்பதுதான் பதில். அந்த முறை கிளம்பும்போது அம்மாவின் தலையில் கை வைத்துச் சொன்னான், இதுதான் கடைசிக் கப்பல், தசராவுக்கு வீட்டில் இருப்பேன், அப்புறம் ஊருக்கு வெளியே ஹூட்டகள்ளி பக்கம் ஏதாவது ஃபாக்டரியில் சேர்ந்துவிடுவேன் என்று. அம்மா நம்பினாள். அதற்குப் பிறகு அவளுக்கு வேறு யோசனையே இல்லை. அவன் வீடு வந்து சேரவேண்டும், அவ்வளவுதான்.

மெயில் பெட்டியைத் திறந்து கொடுத்துவிட்டுப் போனவன் அவன்தான். லீவு முடியும் வாரத்தில் என்னைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். கடைக்காரர் மண்டியா பக்கத்து ஆள், அண்ணனைவிடக் கொஞ்சம் மூத்தவர், பொறுமைசாலி. பாஸ்வேர்டு போடும் இடம் வந்ததும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். “இதன்ன யாரிகூ ஹேளபேடி” என்றார். யாருக்கும் சொல்லாதீர்கள் என்று அர்த்தம். அண்ணன் சத்தமாக எழுத்துக்கூட்டிக்கொண்டே தட்டினான். எங்கள் வீட்டில் முன்பு இருந்த நாயின் பெயர். கடையில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

“ஒளிச்சு வைக்க நம்ம கிட்ட என்ன இருக்கு? சும்மனே எதுக்குப் பூட்டு?”

எங்கள் தெருவில் பகலில் யாரும் கதவைச் சாத்தமாட்டார்கள். சாத்தினால் என்ன சண்டை என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். மெயில் பெட்டியும் வீட்டில் ஒரு பகுதிதானே என்று அம்மா நினைத்தாள். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்களுக்கு இருந்தது ஒரே பெட்டி. அண்ணனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று இரண்டு வேண்டும் என்பது எங்கள் இருவர் மூளைக்கும் எட்டவில்லை. வீடு ஒன்று, அதனால் பெட்டியும் ஒன்று. துறைமுகங்களில் கப்பல்காரர்கள் சும்மா வந்து உட்காரும் இடம் இருக்குமாம். அங்கே இலவசமாக விட்டிருக்கும் கம்ப்யூட்டரில் அவன் அதே பெட்டியைத் திறந்து, எங்கள் முகவரியிலிருந்து எங்கள் முகவரிக்கே எழுதுவான். நான் இங்கே காலை இலவச நேரத்தில் அதையே திறந்து படித்து, அதே மாதிரி பதில் போடுவேன். அனுப்புபவரும் நாங்கள், பெறுபவரும் நாங்கள். கடைக்காரர் ஒருமுறை இதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். வேலை நடக்கிறதே, பிறகென்ன என்றேன்.

அந்தக் காலத்தில் வீட்டில் போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்து, ஓரத்தில் ‘பி.பி.’ என்று போடுவார்கள். கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று பொருள். கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படி அச்சடித்திருப்பார்கள். அதில் யாருக்கும் வெட்கம் இல்லை, போன் வைத்திருப்பவருக்கும் அது ஒரு கௌரவம். எங்கள் தெருவில் அந்தப் பழக்கம் மெயிலுக்கும் வந்து சேர்ந்தது. முதலில் எதிர்வீட்டு அக்கா கேட்டார்.

எதிர்வீட்டு அக்காவுக்கு ஊர் ராமாபுரம், கொள்ளேகாலைத் தாண்டிப் போகவேண்டும். அங்கே பேசுகிற தமிழ் கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தமிழைப் போலிருக்கும். வீட்டுக்காரருக்குக் கட்டிட வேலை. அக்காவின் தம்பி துபாயில் பெயின்டர். அவனும் எழுதுவதற்கு உங்கள் பெட்டியைக் கொடுக்கிறாயா என்று கேட்டபோது அம்மா என்னை முந்திக்கொண்டு சரி என்றாள். நாயின் பெயர் துபாய்க்குப் போனது. அக்கா கன்னடத்தில் பத்தாவது வரை படித்தவர். நான்தான் காலையில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு விரலால் தட்டக் கற்றுக்கொடுத்தேன். பிறகு அவரே தனியாகப் போக ஆரம்பித்தார். இலவச நேரத்தில் யார் முன்னால் போகிறார்களோ அவர்கள் எல்லோருடைய மெயிலையும் பார்த்துவிட்டு வந்து தெருவில் சொல்வார்கள். “உங்க அண்ணன் எழுதிருக்கு கண்ணு, நல்லாருக்குதாம்” என்று அக்கா வாசலில் நின்று கத்துவார். நான் பல்கூடத் தேய்த்திருக்கமாட்டேன். யாராவது நம் கடிதத்தை நமக்கு முன்னால் படித்தால் எரிச்சல் வரவேண்டும் அல்லவா? எனக்கு ஒருநாளும் வரவில்லை. காலையில் நடையாவது மிச்சம் என்றிருந்தது.

பெட்டியை மூடுவது என்றால் எங்களுக்கு டி.வி.யை அணைப்பது மாதிரி. திரையின் பொத்தானை அமுக்கிவிட்டு எழுந்துவிடுவோம். திரை கறுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணம். கடைக்காரர் எங்களுக்குப் பின்னால் வந்து மறுபடி திரையைப் போட்டு, முறையாக வெளியேறுவார். தினமும் சொல்லிப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார்.

தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் தட்டவேண்டும். அதை யாருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதால் ஆளுக்கு ஒரு வழி. அண்ணன் எழுத்தைச் சேமிப்பவன். ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டவே மாட்டான். அம்மாவுக்கு ஒரே ஒரு ‘எம்’தான், படித்தால் ‘அமா’ என்று வரும். பெரிய எழுத்து கிடையாது, புள்ளி கிடையாது. ‘அமா சாபிடியா’ என்று ஆரம்பிப்பான். நான் அதை ஒரு துண்டுத்தாளில் அப்படியே பார்த்து எழுதிக்கொண்டு வந்து, வீட்டில் ‘அமா சாபிடியா’ என்றே படிப்பேன். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்காது; ‘அடி’ என்பதற்கு அவளுக்குக் கன்னடத்துக் ‘கணே’தான் வரும்.

“பாதி எழுத்தை முழுங்கிட்டான் கணே. கப்பல்ல சோறு போடலியா இவனுக்கு?”

ஒரு மெயிலை மூன்று நான்கு முறை படிக்கச் சொல்வாள். எனக்குப் பள்ளிக்கு நேரமாகும், சலித்துக்கொள்வேன், ஆனாலும் படிப்பேன். அந்த அரைகுறை எழுத்தில்தான் அவன் பேசுவது எங்களுக்குக் கேட்கும்.

அந்த மழைக்காலத்தில் அவனிடமிருந்து கொஞ்ச நாள் ஒன்றும் வரவில்லை. நீண்ட ஓட்டமாக இருந்தால் அப்படித்தான், கரை வந்தால்தான் கம்ப்யூட்டர். அம்மா தசராவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். அவன் படுக்கும் அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. மாவடு ஊறுகாயை நான் தொடக்கூடாது என்று தனி ஜாடியில் கட்டி வைத்திருந்தாள். தினமும் காலையில் நான் கடையிலிருந்து திரும்பும்போது வாசலில் நின்றுகொண்டு அதே கேள்வியைக் கேட்பாள், வந்துதா என்று. நான் தலையை ஆட்டுவேன்.

ஒருநாள் வந்தது. சின்ன மெயில். நன்றாக இருக்கிறேன், வேலை அதிகம், சீக்கிரம் வருகிறேன் என்று மூன்று நான்கு வரி. நடுவில் ஒரு வார்த்தை எனக்குப் புரியவில்லை. வி, இ, எஸ், ஏ, என், ஏ. வேசனாவா, வாசனையா? ‘வாசனைப்படாதீங்க’ என்று எழுதியிருக்கிறானா, என்ன உளறல் இது என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். மெயில் வந்ததே போதும் என்ற சந்தோஷத்தில் தாளில் எழுதிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடையில் கண்ணுக்குப் புரியாத வார்த்தை வீட்டில் வாய்விட்டுப் படித்தபோது தானாகவே வந்துவிட்டது.

“வெசனப்படாதீங்க” என்று படித்தேன். கவலைப்படாதீர்கள் என்பதுதான் அது.

“கப்பல்ல யாராவது கோயம்புத்தூர்க்காரன் இருப்பான்மா. அவன்கிட்டயிருந்து ஒட்டிக்கிச்சு போல.”

அம்மா “சரி” என்றாள். கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இன்னொருமுறை படிக்கச் சொல்லவும் இல்லை. வேலைக்குப் போகும் அவசரம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் எதிர்வீட்டு அக்கா எங்களைப் போட்டுத் தாங்கினார். இட்லி அனுப்புவார், அம்மாவின் துணிகளைத் தன் துணிகளோடு துவைத்துப் போடுவார், ரேஷன் கடையில் எங்களுக்கும் சேர்த்து நிற்பார். என்ன அக்கா திடீரென்று இவ்வளவு பாசம் என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. தெருவில் மற்றவர்களும் ஒரு மாதிரி மெதுவாகப் பேசினார்கள். அண்ணன் எப்போது வருகிறான் என்று தினமும் கேட்கும் பால்காரர்கூடக் கேட்பதை நிறுத்திவிட்டார். இதெல்லாம் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தவை. அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இரண்டாவது மெயில் வந்தபோதுதான் உறைத்தது. தசராவுக்கு வர முடியாது போலிருக்கிறது, கம்பெனி விடவில்லை, பொங்கலுக்குப் பார்க்கலாம், உடம்பைப் பார்த்துக்கோங்க, தங்கச்சியைத் திட்டாதீங்க என்று இருந்தது. அண்ணன் வாழ்நாளில் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் அவனுக்கு ‘ஏய் டீச்சர்’தான். அம்மாவை அவன் நீ, வா, போ என்பான், ‘ங்க’ போடமாட்டான். பிறகு முதல் வார்த்தையைப் பார்த்தேன். அம்மா. பெரிய ‘ஏ’ போட்டு, இரண்டு ‘எம்’ போட்டு, அழகாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதினதுபோல.

கடைக்காரரிடம் போய், இதை யார் எழுதியது என்று நேராகவே கேட்டேன். அவர் ஒரு துணியை வைத்துக்கொண்டு துடைத்த கீபோர்டையே துடைத்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு மேடத்தைக் கேளுங்கள் என்று கன்னடத்தில் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்கா ராகி மாவு பிசைந்துகொண்டிருந்தார். நான் உள்ளே நுழைந்த வேகத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

“எங்க அண்ணன் மெயில நீங்களா எழுதுனீங்க?”

“மொதல்ல உக்காரு கண்ணு.”

“உக்காரமாட்டேன். சொல்லுங்க.”

மாவுக் கையோடு சுவரில் சாய்ந்து நின்றார். “தம்பி எழுதிருக்கானான்னு பாக்கப் போனேன் கண்ணு. கப்பல்காரங்க மெயிலு ஒண்ணு கெடந்துச்சு. பூராவும் இங்கிலீசு. கடைக்காரர்தான் படிச்சுச் சொன்னாரு. ஏணியிலயிருந்து வுழுந்துட்டானாம். சாமான் வைக்கிற அறை இருக்குதாமே, அதுக்குள்ள எறங்கறப்போ.” மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்தார். “போயிட்டான் கண்ணு. நம்ம பையன் போயிட்டான்.”

எனக்கு அழுகை வரவில்லை.

“எப்போ?”

“மூணு வாரம் இருக்கும். உங்கம்மா சுண்ணாம்பு அடிச்சுக்கிட்டு நின்னாங்க அன்னிக்கு. அந்த மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது? எனக்கு வாயி வரல. ஊருலயிருந்து எங்க பெரியவங்க வரட்டும், நாலு பேரா வந்து பக்குவமாச் சொல்லலாமுன்னு இருந்தேன். அவங்களுக்கு அறுவடை, வரவே இல்ல. உங்கம்மா தெனமும் வாசல்ல நின்னு வந்துதா வந்துதான்னு கேக்கறத பாக்க முடியாமத்தான் எழுதுனேன்.”

“அந்த மெயில் எங்கே?”

“அழிச்சுட்டேன். நீ தொறந்தவொடனே மூஞ்சில அடிச்சாப்ல இருக்குமே கண்ணு.”

அவர் கையைப் பிடித்துக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். இலவச நேரம் எப்போதோ முடிந்திருந்தது. காலேஜ் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரர் ஒரு பையனை எழுப்பிவிட்டு எனக்கு இடம் கொடுத்தார். அழித்தவை ஒரு குப்பைக்கூடையில் போய் விழும், அது சில நாள் அங்கே கிடக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கிடந்தது. கப்பல் கம்பெனியின் பெயர், கீழே அண்ணனின் பெயர். ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிக்கிறோம் என்று ஆரம்பித்து, எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், எப்படி நடந்தது என்று திரை முழுக்க எழுதியிருந்தார்கள். நான் படித்துக்கொண்டே கீழே இழுத்தேன். திரைக்கு அடியில் இன்னும் கொஞ்சம் இருந்தது.

உடலை இந்தியாவுக்கு அனுப்பி வைக்கவா, அங்கேயே அடக்கம் செய்யலாமா என்று கேட்டிருந்தார்கள். அந்த ஊர்ச் சட்டப்படி அதிக நாள் வைத்திருக்க இயலாது, தயவுசெய்து உடனே பதில் தெரிவிக்கவும். உங்கள் வீட்டு முகவரிக்கு அனுப்பிய தந்தி திரும்பிவிட்டது என்றும் எழுதியிருந்தார்கள். அண்ணன் வேலைக்குச் சேரும்போது கொடுத்த முகவரி பழைய வாடகை வீட்டினுடையது. மெயில் முகவரி ஒன்றுதான் சரியாக இருந்தது.

என் தோளுக்குப் பின்னால் நின்று படித்த கடைக்காரர் “அய்யோ” என்றார். அன்று திரையில் தெரிந்ததை மட்டும் படித்துச் சொன்னாராம். கீழே இழுப்பதற்குள் அக்கா சத்தமாக அழத் தொடங்கிவிட்டார், அந்த நேரம் பார்த்து லைனும் போய்விட்டது, லைன் வந்தபோது அக்காவே அதை அழித்துவிட்டார். இதைக் கன்னடத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போய் நின்றுவிட்டார். அக்காவுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று நான்தான் தமிழில் சொன்னேன். அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது, ஆனால் அன்று எனக்கு அதைப் பார்த்து இரக்கம் வரவில்லை.

பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து கம்பெனியின் பம்பாய் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஒரு பெண் மிக மரியாதையாகப் பேசினாள். பதிலுக்குக் காத்திருந்தோம், இரண்டாம் முறையும் மெயில் அனுப்பினோம், பிறகு வேறு வழியில்லாமல் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்றாள். இரண்டாவது மெயிலைக் கம்பெனியின் பெயரைப் பார்த்த பயத்தில் அக்கா திறக்காமலேயே அழித்திருக்கிறார். பூத்திலிருந்து வெளியே வந்ததும் நடுரோட்டில் அக்காவைத் திட்டினேன். எங்கள் வீட்டுச் சாவை எங்களிடமிருந்து மறைக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கத்தினேன். இன்னும் மோசமாகவும் சொன்னேன். ஸ்கூட்டரில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு எனக்குப் பின்னாலேயே நடந்து வந்தார்.

அம்மா அன்று மத்தியான வேலை முடித்து வந்து, துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னையும் பின்னால் நின்ற அக்காவையும் பார்த்தாள். கையில் இருந்த துணியை மடித்து முடித்து மற்றவற்றின் மேல் வைத்தாள்.

“போயிட்டானா” என்றாள். கேள்வியாகக்கூட இல்லை.

நான் அப்போதுதான் அழுதேன். அம்மா என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்து, நான்தான் எழுதினேன், நான்தான் பாவி என்று தலையில் அடித்துக்கொண்டார். அம்மா அவரைத் தடுக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. என்னிடம்தான் பேசினாள்.

“மொத மெயிலே அவ எழுதினதுன்னு தெரியும் கணே. நீ படிச்சே, எனக்கு அவ குரல்தான் கேட்டுது. வெசனம்னு நம்ம வீட்ல யாரு சொல்றா? நல்ல சேதின்னா தெருவுல இருந்தே கத்துறவ, பொய் எழுதுறான்னா என்ன சேதியா இருக்கும்? கேட்டா சொல்லிடுவா. அதான் கேக்கலை.”

பிறகு நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டாள்.

“எப்ப கொண்டு வராங்க?”

கொண்டு வரமாட்டார்கள் என்று சொன்னேன். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். மெயிலின் அடியில் கேட்டிருந்தார்கள், யாரும் பதில் போடவில்லை. அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. எங்கள் வீட்டில் யாரையும் புதைக்கும் வழக்கம் இல்லை. மண்ணுக்குள்ளேயா, மண்ணுக்குள்ளேயா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சட்டென்று நிமிர்ந்து என் தோளைப் பிடித்தாள்.

“நான் அன்னைக்கே அவளைக் கேட்டிருந்தா, வந்திருப்பானா?”

இல்லைம்மா, அதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது என்றேன். அது பொய். முதல் மெயிலை நான் படித்துக்காட்டிய அன்று கேட்டிருந்தால் நேரம் இருந்திருக்கும். அக்காவை நடுரோட்டில் வைத்துத் திட்டிவிட்டு வந்த அதே வாயால் அந்தப் பொய்யைச் சொன்னேன், இன்னொருமுறை கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அம்மா நம்பினாளா என்று எனக்குத் தெரியாது.

காரியத்தை அவன் சட்டையை வைத்துச் செய்தோம். தசரா வந்தது, போனது. தெருவில் எல்லோரும் வந்தார்கள், அழுதார்கள், எல்லோருக்கும் முன்பே தெரியும் என்பது அவர்கள் அழுகையிலேயே தெரிந்தது. எதிர்வீட்டு அக்கா எங்கள் வாசல் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். நான் அவரைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வேன். அம்மாதான் ஒருநாள் தாங்கமாட்டாமல் சொன்னாள்.

“அவள ஏன் பகைக்கிறே? பயந்து எழுதினா, பயந்து கேட்டுக்கிட்டேன். ரெண்டு பேரும் ஒண்ணுதான்.”

எனக்கு அப்படி நினைக்க வரவில்லை. இப்போதும் முழுதாக வரவில்லை.

பாஸ்வேர்டை மாற்றினேன். கடைக்காரர் இந்த முறையும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். நான் வாய்க்குள்கூடச் சொல்லாமல் தட்டினேன், முறையாக வெளியேறினேன், வெளியேறிவிட்டதா என்று மறுபடி சரிபார்த்தேன். இன்று ரயில் நிலையத்திலும் ஹோட்டலிலும் வயரில்லாத இலவச இன்டர்நெட் கிடைக்கிறது. இப்போது நான் பாடம் எடுக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அது யாருடைய இணைப்பு என்று பெயரைக்கூடப் பார்க்காமல் எதையும் திறந்துகொள்கிறார்கள். பொது இடத்தில் எதைத் திறக்கவேண்டும், எதைத் திறக்கக்கூடாது, எப்படி மூடவேண்டும் என்று வகுப்பில் நான் பாடம் நடத்தினால், இந்த டீச்சருக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று அவர்களுக்குப் புரிவதில்லை. வந்ததைக் கடைசி வரி வரை படி என்று சொல்லும்போது என் குரல் உடைந்துவிடும். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

கார்த்திகை கழிந்து கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. அம்மா கேட்கச் சொல்லி நான் கேட்டிருந்தேன். அவனை வைத்த இடத்தை யாரோ போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். அந்தக் கடைக்குள் அதுவரை கால் வைக்காத அம்மா, நல்ல புடவை கட்டிக்கொண்டு என்னுடன் வந்தாள். எதிர்வீட்டுக் கதவைத் தட்டி அக்காவையும் கூப்பிட்டாள். நான் முன்னால் நடந்தேன். மத்தியானம், கடைக்காரர் மற்றவர்களை அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினார். அம்மாவைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார். அக்கா தள்ளியே நின்றார்.

அந்த நாட்களில் ஒரு படம் திறக்க எவ்வளவு நேரமாகும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மேலிருந்து ஒரு கீற்று வரும், நின்றுவிடும், பிறகு இன்னொரு கீற்று. முதலில் வெளிர் நீலமாக ஏதோ வந்தது.

“இது என்ன?”

“வானம்மா.”

வெகுநேரம் வானம்தான் இருந்தது. பிறகு ஒரு மரத்தின் உச்சி, பனை மாதிரி, பனை இல்லை. மரம் முழுதாக வர இன்னும் நேரமானது. பிறகு ஒரு வெள்ளைச் சுவரின் விளிம்பு வந்து, அங்கேயே நின்றுபோனது.

“அவன் எங்கே?” என்றாள் அம்மா.

“கீழே இருக்கான்மா. இன்னும் வரலை. வந்துக்கிட்டு இருக்கு.”

கடைக்காரர் சங்கடப்பட்டுக்கொண்டு, இன்று லைன் மோசம், நாளைக் காலையில் வாருங்கள், முழுதாக எடுத்து வைக்கிறேன் என்றார். அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வரட்டும்” என்றாள். “அவசரப்படுத்தாதீங்க. நான் உக்காந்திருக்கேன்.”